கழற்றிக் கொடுத்த சங்கிலி

அந்தச் சங்கிலிக்கு என் தோளில்தான் அளவெடுத்தேன். வீட்டில் வேறு தோள் இல்லை.

நம்மூரைவிட்டு வெகு தூரம் வந்து, கிளென்ஃபீல்டில் இரண்டு அறை கொண்ட சிறிய யூனிட் வீடு ஒன்றில் தனியாக இருக்கிறேன். மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்ப்பது என் வேலை. மருந்து ஏற்றும் பம்ப், இரத்த அழுத்தம் பார்க்கும் பெட்டி, எதுவானாலும் திறந்து பார்த்துச் சரிசெய்துவிடுவேன். மனிதர்கள் விஷயத்தில் அந்தக் கைராசி கிடையாது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதைவிடப் பெரிய தொல்லை, கோபம் தணிந்த பிறகும் தணிந்தது என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

என் மனைவி நகரின் மறுபுறம் எப்சத்தில் இருக்கிறாள். மகளின் பள்ளிக்கூடத்துக்காக அந்தப் பக்கம் வீடு பார்க்கலாம் என்று ஆரம்பித்த பேச்சு அது. பேச்சு வளர்ந்து சண்டையாகி, ஒரு கட்டத்தில் அவள், "அப்ப நாங்க ரெண்டு பேர் மட்டும் போகட்டுமா?" என்று கேட்டாள். "போயேன், நான் என்ன பிடிச்சா வச்சிருக்கேன்?" என்றேன். போகமாட்டாள் என்ற தைரியத்தில் சொன்னது. போய்விட்டாள். ஏழு வருடம் ஆகிறது. மகள் இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நான் போனில் தமிழில் கேட்பதற்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அன்பாகத்தான் சொல்வாள், ஆனால் சுருக்கமாகச் சொல்வாள்.

இங்கே ஒரு தமிழ் அமைப்பில் சில காலம் ஓடியாடி வேலை செய்தேன். பொங்கல் விழா, பேச்சுப் போட்டி என்று எது நடந்தாலும் மேடைப் பொறுப்பு என்னுடையது. யாருக்கு யார் மாலை போடுவது என்று பட்டியல் வைத்திருப்பேன். போட்ட மாலையை அவர்கள் உடனே கழற்றிக் கொடுப்பார்கள் அல்லவா, அதை வாங்கி மேஜையில் ஒழுங்காக அடுக்குவதும் நான்தான். ஒரு வருடம் அழைப்பிதழில் என் பெயரைக் கடைசியில் போட்டுவிட்டார்கள். அச்சடித்தவர் செய்த தவறு என்றார்கள். நான் ஹால் சாவியைத் தூக்கி மேஜையில் வைத்துவிட்டு, இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு பேர் வீடு தேடி வந்து சமாதானம் பேசினார்கள். முடியாது என்றேன். அடுத்த வாரம் மறுபடி வந்தார்கள். அப்போதும் முறுக்கிக்கொண்டேன். மூன்றாவது முறை சரி என்று சொல்லிவிடுவதாக முடிவெடுத்து, அந்த ஞாயிற்றுக்கிழமை கேசரிகூடக் கிண்டி வைத்திருந்தேன். யாரும் வரவில்லை. அந்தக் கேசரியை மூன்று நாள் நானே சாப்பிட்டேன்.

அதன் பிறகு சனிக்கிழமைகள் மிக நீளமாகிவிட்டன. மாலுக்குப் போவேன், ஒன்றும் வாங்காமல் இரண்டு சுற்றுச் சுற்றுவேன், திரும்பி வருவேன். அப்படி ஒரு நாள் நூலகத்து அறிவிப்புப் பலகையில் ஒரு தாளைப் பார்த்தேன். ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய ஐரோப்பிய உடைகளைத் தைத்து அணிந்து பார்க்கும் குழு, இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை மதியம் கூடுகிறது, யாரும் வரலாம் என்று இருந்தது. யாரும் என்றால் நானும்தானே என்று போனேன். வேறு காரணம் சொன்னால் அது பொய்.

போனால் ஒரு பழைய சமூகக்கூடத்தில் இருபது பேர். வெல்வெட் அங்கியில் ஒருவர் தையல் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாக வெள்ளைத்துணி வைத்த ஒரு பெண் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்பாக வரவேற்றார்கள். "டீ குடிக்கிறீர்களா?" என்று ஒருவர் கேட்டார். "வேண்டாம், பரவாயில்லை" என்றேன், நம் வழக்கப்படி. "சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் இரண்டாவது முறை கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்து தன் டீயை நிதானமாகக் குடித்து முடித்தார். அன்று மதியம் முழுக்கத் தொண்டை வறண்டு உட்கார்ந்திருந்தேன். பத்தொன்பது வருடம் இந்த ஊரில் இருந்தும் எனக்கு இது மட்டும் உறைக்கவே இல்லை.

அந்தக் குழுவின் தையலை எல்லாம் மேற்பார்வை பார்த்தவர் ஓர் அம்மையார், எழுபது வயது, பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஆள் சின்னவர், கத்தரிக்கோலைக் கையில் எடுத்தால் பெரியவர். என் கைவேலையைப் பற்றித் தெரிந்ததும் அவர்தான் ஒரு பிளாஸ்டிக் சங்கிலியைக் கொண்டுவந்து காட்டினார். தங்கப் பெயிண்ட் உரிந்து தொங்கியது. "இதைப் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார எங்களுக்கே வெட்கமாக இருக்கிறது. உங்களால் ஒன்று செய்ய முடியுமா?" என்றார்.

அது பதவிச் சங்கிலி. அந்தக் காலத்தில் நகரத்தின் தலைவரும் அரசரின் முக்கிய அதிகாரிகளும் அணிந்தது. நம் நகையைப் போலக் கழுத்தில் தொங்காது. ஒரு தோளின் விளிம்பிலிருந்து மறு தோளின் விளிம்புவரை அகலமாகப் படிந்து, மார்பில் இறங்கி ஒரு பதக்கத்தில் முடியும். இந்தக் குழுவிலும் வருடத்துக்கு ஒருவரைச் சீட்டில் பெயர் எழுதிப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். அந்தப் பதவிக்கு ஸ்டூவர்ட் என்று பெயர். நடுக்குளிர்கால விருந்தில் அவர் நடு நாற்காலியில் உட்காருவார், எல்லாரையும் சாப்பிட அழைப்பார், வருடம் முழுக்கக் கூட்டங்களை நடத்துவார். "இது அலங்காரம் இல்லை" என்று அம்மையார் எனக்குத் தெளிவாகச் சொன்னார். "தோளில் ஏறினால் பொறுப்பு ஏறியது. கழற்றினால் பொறுப்பு இறங்கியது. அவ்வளவுதான்."

நான் முதலில் செய்த துண்டைக் கழுத்துச் சங்கிலி மாதிரி பின்னால் கொக்கி வைத்துச் செய்துவிட்டேன். அவர் சிரிக்காமல் திருப்பிக் கொடுத்தார். மறுபடி ஆரம்பித்தேன். பித்தளைத் தகட்டில் படத்தை ஒட்டி, நூல் மாதிரி மெல்லிய ரம்பத்தால் அறுத்து, பாம்பு வளைவில் இருபத்தெட்டுத் துண்டு. ஒவ்வோர் இரண்டுக்கும் நடுவே ஐந்து இதழ் ரோஜா ஒன்று. அரம் போட்டு, தேய்த்து, மெருகேற்றினேன். சமையலறை மேஜையில் பித்தளைத் தூள் படிந்து தோசைகூட ஒரு மாதிரி மினுங்கியது. ஐந்து மாதம் பிடித்தது. அந்த ஐந்து மாதமும் நான் நன்றாக இருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

அளவுதான் சிக்கல். தோளில் போட்டால் சங்கிலி கழுத்தை நோக்கி ஏறிவிடும், அதனால் துணியோடு நான்கு இடத்தில் ஊசி குத்தி நிறுத்த வேண்டும். முன்னால் இரண்டு ஊசியை நானே குத்திக்கொள்ளலாம். முதுகில் குத்த இன்னொருவர் வேண்டும். நான் என் கம்பளிக் கோட்டை நாற்காலியில் மாட்டி, அதன் மேல் சங்கிலியைக் குத்தி, பிறகு கோட்டுக்குள் மெதுவாக நுழைந்து குளியலறைக் கண்ணாடியில் பார்த்தேன். இருபத்தெட்டுத் துண்டும் என் தோளில் அச்சாகப் படிந்திருந்தன. சத்தியமாக வேறு யாருக்கோ என்றுதான் செய்தேன். ஆனால் கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் அதிகமாகவே நின்றேன்.

இங்கே குளிர்காலம் தொடங்கும் ஜூன் மாதத்தில் அந்த வருடத்து ஸ்டூவர்ட் எனக்குப் போன் செய்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஆஜானுபாகு மனிதர். "சீட்டுகளை எண்ணிவிட்டோம். நீங்கள்தான். சம்மதமா?" என்றார். அன்றைக்கு என்ன நல்ல நேரமோ, யோசிக்காமல் "சம்மதம்" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்துவிட்டு வீட்டுக்குள் அங்குமிங்கும் நடந்தேன். சொல்ல ஆள் வேண்டியிருந்தது. மழையில் இறங்கி, டெய்ரி என்று இங்கே சொல்லும் தெருமுனை மளிகைக் கடைக்குப் போய்க் கடைக்காரரிடம் சொன்னேன். யாழ்ப்பாணத்துக்காரர். பால் வாங்கப் போகும்போதெல்லாம் நாலு வார்த்தை பேசுவோம். "நல்ல விசயம் அண்ணை. படம் எடுத்துக் கொண்டுவந்து காட்டுங்கோ" என்றார்.

அம்மையார் எனக்காக, பழைய சாமான் விற்கும் ஆப் ஷாப்பில் கிடைத்த பழைய வெல்வெட் திரைச்சீலையில் பழுப்பு நிற அங்கி தைத்துக் கொடுத்தார். மகளுக்கும் போனில் சொன்னேன். "தட்ஸ் சோ கூல், அப்பா" என்றாள், உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். அவளை விருந்துக்குக் கூப்பிட நினைத்தேன். கூப்பிடவில்லை. அவளாகவே, வரட்டுமா என்று கேட்பாள் என்று பார்த்தேன். கேட்கவில்லை.

விருந்து ஒரு சனிக்கிழமை மதியம். மழை தகரக்கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. நீள மேஜை, வெள்ளைத் துணி, வறுத்த கோழி, மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பை. கூடத்தில் நெருப்புக்கு அனுமதி இல்லாததால் பேட்டரி மெழுகுவத்திகள். என் சங்கிலி ஒரு சிவப்பு மெத்தையில் இருந்தது. நடு நாற்காலி காலியாக இருந்தது. என்னை அதன் முன்னால் நிறுத்தினார்கள். பஸ்காரர் நாலு வார்த்தை பேசினார்: இவர் வந்த நாளிலிருந்து இந்தக் கூடத்தில் ஒரு நாற்காலிகூட ஆடவில்லை, எல்லாவற்றையும் திருகி முடுக்கிவிட்டார் என்றார். சிரித்தார்கள். பிறகு சங்கிலியை இரண்டு கையாலும் எடுத்து என் தலை வழியாக இறக்கித் தோளில் வைத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். அம்மையார் நான்கு ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டு என்னை நோக்கி வந்தார்.

அவர் வந்து சேரும் முன் நான் சங்கிலியைக் கழற்றிவிட்டேன்.

கை தானாகப் போனது. கைதட்டல் கேட்டது, கழுத்தில் ஒன்று விழுந்தது, கை மேலே போனது. இரண்டு கையாலும் மரியாதையாக எடுத்து, பஸ்காரரின் கையில் கொடுத்து, குனிந்து கும்பிட்டேன். முகத்தில் அடக்கமான ஒரு சிரிப்பு வேறு. நம்மூர் மேடையில் இதற்கு இன்னும் பலமாகக் கைதட்டியிருப்பார்கள். போட்ட மாலையோடு உட்கார்ந்திருப்பவனைத்தான் நாம் ஒரு மாதிரி பார்ப்போம்.

இங்கே கைதட்டல் நின்றது. கூரையில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பஸ்காரர் கையிலிருந்த சங்கிலியையும் என்னையும் பார்த்தார். அவர் காது சிவந்துவிட்டது. "அப்படியா. பரவாயில்லை. யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது" என்றார் மெதுவாக.

அப்போதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று புரிந்தது. கழற்றினால் பொறுப்பு இறங்கியது. அந்தச் சங்கிலியைச் செய்த கையே என்னுடையது; எனக்குத் தெரியாது என்று சொல்லக்கூட வழியில்லை. ஒரே ஒரு வார்த்தை போதும். ஐயோ, பழக்கத்தில் செய்துவிட்டேன், கொடுங்கள் என்றால் எல்லாரும் சிரித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் சொல்லவில்லை. இன்னொரு தடவை கேட்கட்டும் என்று நின்றேன். அந்த நிமிஷத்திலும் எனக்கு அந்தப் புத்திதான்.

அவர் கேட்கவில்லை. என் மறுப்பை மதித்தார். இந்த ஊர்க்காரர்கள் மதித்தால் முழுதாக மதித்துவிடுவார்கள். இரண்டு பேர் ஓரமாகப் போய்ச் சீட்டுகளைப் பார்த்தார்கள். அடுத்தபடியாக அதிகச் சீட்டு வாங்கியிருந்தவர் தையல் அம்மையார். அவர் வாயிலிருந்த ஊசிகளை எடுத்துவிட்டு, "நானா?" என்றார். சங்கிலியை அவர் தோளில் வைத்தார்கள். அது இரு பக்கமும் வழிந்து முழங்கை வரை இறங்கியது. அவரைத் தவிரக் குத்தத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று என்னையே கூப்பிட்டார்கள். போய் நான்கு ஊசியையும் குத்தினேன். முதுகில் இரண்டு, முன்னால் இரண்டு. கை சொன்னபடி கேட்டது. அது ஒன்றுதான் அன்று என்னிடம் ஒழுங்காக இருந்தது.

ஓர நாற்காலியில் உட்கார்ந்து கோழி சாப்பிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் இன்னும் கனிவாக நடந்துகொண்டார்கள். வானிலையைப் பற்றிப் பேசினார்கள். ஏன் கழற்றினீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த சனிக்கூட்டத்துக்கு நான் போகவில்லை. அதற்கு அடுத்ததற்கும் போகவில்லை. போன் வரும் என்று அதைக் குளியலறைக்குக்கூட எடுத்துப் போனேன். ஒரு மாதம் கழித்து அம்மையாரிடமிருந்து ஒரு செய்தி வந்தது: சங்கிலி எனக்குப் பெரிதாக இருக்கிறது, உங்களுக்கு நேரம் இருந்தால் நான்கு துண்டைக் குறைத்துத் தர முடியுமா, முடியாவிட்டாலும் பரவாயில்லை.

அதைப் படித்ததும் எனக்கு அழுகை வந்தது. நான்கு துண்டு போய்விட்டால் அது இனி என் தோளில் படியாது.

டெய்ரிக்குப் போனேன். கடைக்காரர் படம் எங்கே என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"நீங்கள் கழட்டிக் குடுத்தா அவையள் வேண்டாமெண்டுதானே நினைப்பினம், அண்ணை. இஞ்சை ஒருக்கா இல்லையெண்டா இல்லைதான். ரெண்டாந்தரம் கேக்கிறது மரியாதையில்லையெண்டு நினைக்கிற ஆக்கள்."

"அது தெரியுதுங்க. இத்தனை வருஷம் கழிச்சு இப்பதான் தெரியுது."

"தெரிஞ்சா, போய்க் கதையுங்கோ. வேணுமெண்டா வேணுமெண்டு சொல்லுங்கோ. என்னட்டைச் சொல்லி என்ன பிரியோசனம்?"

அவர் சொன்னதில் எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு பால் வாங்கிக்கொண்டு வந்தேன். வழியில் யோசித்தபோது, அவர்மேல் கோபப்பட எந்தக் காரணமும் கிடைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் குறடு இரண்டை எடுத்துக்கொண்டு அம்மையார் வீட்டுக்குப் போனேன். நார்த்கோட்டில் ஒரு மர வீடு, ஒரு பூனை, ஆள் உயரக் கண்ணாடி ஒன்று. சங்கிலியை மேஜையில் விரித்து வைத்திருந்தார். நான் உட்கார்ந்து முதல் வளையத்தை இரண்டு குறட்டாலும் பிடித்தேன். பித்தளை வளையத்தை இழுத்துத் திறக்கக் கூடாது, பக்கவாட்டில் திருக வேண்டும். பிடித்தபடியே இருந்தேன். திருகவில்லை.

"எனக்கு அது வேண்டும் என்றுதான் இருந்தது" என்றேன் ஆங்கிலத்தில். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"எது?"

"இந்தச் சங்கிலி. அந்த நாற்காலி. மிகவும் ஆசையாக இருந்தது."

அவர் எதிரில் உட்கார்ந்தார். "பிறகு ஏன் கழற்றினீர்கள்?"

சொன்னேன். எங்கள் ஊரில் கௌரவித்து ஒன்றைப் போட்டால் அதைக் கழுத்தில் வைத்திருப்பது அழகில்லை, உடனே எடுத்துவிடுவோம், அதுதான் அடக்கம், வேண்டாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை என்றேன். சொல்லும்போதே எவ்வளவு சுற்றுவழி என்று எனக்கே பட்டது.

அவர் நாற்காலியை மேஜைக்கு அருகில் இழுத்துக்கொண்டார். "அன்று உங்கள் முகத்தைப் பார்த்தேன். ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. நான் கேட்டிருக்க வேண்டும்" என்றார். பிறகு சங்கிலியின் ஒரு ரோஜாவை விரலால் தொட்டுக்கொண்டே சொன்னார். "ஆனால் நான் உங்களிடம் பொய் சொல்லக் கூடாது. அந்தக் குழுவை ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கிறேன். அங்கே இருக்கிற எல்லாருடைய உடையும் நான் வெட்டியது. இதுவரை ஒரு முறைகூட என் பெயர் மேலே வந்ததில்லை. நீங்கள் கழற்றியதால் எனக்குக் கிடைத்தது. திருப்பிக் கொடுக்கிறேன் என்று இப்போது சொல்வதுதான் நல்ல பழக்கம். எனக்குச் சொல்ல மனம் வரவில்லை."

இப்படி ஒருவர் என் எதிரில் உட்கார்ந்து எனக்கு வேண்டும் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ஆசை போகவில்லை, அது அன்று முழுக்க இருந்தது. ஆனால் அவர் சொன்னது நியாயம்.

வளையத்தைத் திருகினேன். ஒரு பக்கம் இரண்டு, மறு பக்கம் இரண்டு. நான்கு துண்டும் மேஜையில் விழுந்தன. மீதியை இணைத்து, அவரைக் கண்ணாடி முன்னால் நிற்கச் சொல்லி, முதுகில் ஊசி குத்தினேன். இப்போது சரியாகப் படிந்தது. அவர் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார், முதுகை நிமிர்த்திக்கொண்டார். நான் அந்தக் கோட்டோடு குளியலறையில் நின்ற மாதிரியே, அவரும் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றார். பார்க்கக் கூடாது என்று நான் குறடுகளைத் துடைக்க ஆரம்பித்தேன்.

கிளம்பும்போது அவர் அந்த நான்கு துண்டையும் ஒரு தபால் உறையில் போட்டுக் கொடுத்தார். "தொலைத்துவிடாதீர்கள். அடுத்த வருடம் என் சீட்டில் உங்கள் பெயரை எழுதுவேன். மற்றவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது." உறையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

"டீ குடிக்கிறீர்களா?" என்றார்.

"வேண்டாம், பரவாயில்லை" என்றேன்.

"சரி" என்று அவர் சமையலறைக்குள் போனார். கெட்டிலைப் போடும் சத்தம் கேட்டது. கதவு வழியாகப் பார்த்தேன். அலமாரியிலிருந்து ஒரே ஒரு கோப்பையை எடுத்து வைத்தார். ஒரு டீ பேக்கை அதில் போட்டார். நான் வாசல்பக்கம் நின்று காலணியில் ஒரு காலை நுழைத்திருந்தேன்.

"இல்லை" என்றேன். "வேண்டும். எனக்கும் ஒரு டீ வேண்டும்."

அவர் திரும்பிப் பார்த்தார். இன்னொரு கோப்பையை எடுத்தார்.

"சர்க்கரை?"

"இரண்டு ஸ்பூன்" என்று சொல்லிவிட்டுக் காலணியைக் கழற்றினேன்.